பாலத்தின் பாதுகாப்பு ஆவணங்கள் வெளிவரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஆகஸ்ட் 3 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தில் நடந்த காசா ஆதரவுப் பேரணிக்கு, கூட்ட நெரிசல் அபாயத்தைச் சுட்டிக்காட்டிக் காவல்துறை கோரிய தடையை நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் முந்தைய நாள் மறுத்தது. மழையில் குடை பிடித்து நடந்துகொண்டிருந்தவர்களின் கைப்பேசிகளுக்கு, பாதுகாப்புக் கருதி நகரை நோக்கித் திரும்புமாறு நடுவழியில் குறுஞ்செய்தி வந்தது. 2000 மே மாதம், பல மாதத் திட்டமிடலுக்குப் பிறகுதான் என்றாலும், ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கத்தை வலியுறுத்திய நடைக்காக ஏறத்தாழ 2,50,000 பேர் இதே பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். ஆகவே, ஒரே நேரத்தில் எத்தனை பேரை அங்கே அனுமதிக்கலாம், வெளியேறும் வழிகள் எவை, கட்டுப்பாடுகளை யார் எந்த மதிப்பீட்டின்பேரில் வகுத்தார்கள் என்பதைக் காட்டும் ஆவணங்களை, 2009ஆம் ஆண்டுத் தகவல் அணுகல் சட்டப்படி மக்கள் விண்ணப்பிக்கும்வரை காத்திராமல், உரிய துறைகள் தாமாகவே வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், சிட்னி