வறுக்கும் கையைப் பகிர்ந்த பிறகே வளர்ந்த தொழில்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சிறுதொழில் வளரக் கடனும் இயந்திரமும் போதும் என்று பலரும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் 14 ஆண்டுகளாகக் கறித்தூள் செய்து விற்கும் நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். எனக்குக் கடனும் கிடைத்தது, இயந்திரமும் வந்தது; விற்பனை மட்டும் கிழமைக்கு 20 கிலோவைத் தாண்டவில்லை. காரணம் நான்தான். செத்தல் மிளகாயையும் மல்லியையும் என் கை வறுத்தால்தான் பதம் வரும் என்று நம்பி, வேறொருவரையும் தாச்சிக்கு அருகே விடவில்லை.

2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, மின்சாரம் வரும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் வறுத்து அரைக்க என் ஒருத்தியால் முடியவில்லை. அயலில் இரு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். கறிவேப்பிலை கையில் நொறுங்கும் பதம், சீக்கிரம் கருகும் பெருஞ்சீரகத்தைக் கடைசியில் போடுவது, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். எழுதும்போதுதான், என் கூலியை ஒருநாளும் விலையில் சேர்க்கவில்லை என்பது தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இப்போது கிழமைக்கு 90 கிலோ போகிறது.

நான் போன பயிற்சி வகுப்புகளில் பொதியிடலும் விளம்பரமும் சொல்லித்தந்தார்கள். பொறுப்பைப் பகிரவும் தன் உழைப்புக்கு விலை போடவும் யாரும் சொல்லித்தரவில்லை. அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கறித்தூள் உற்பத்தியாளர் ஒருவர்,
சுன்னாகம்.