கத்தி வேண்டாம், ஐஸ் குச்சி போதும்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பிரிட்டிஷ் ராக் ஆர்கன் கலைஞர் கீத் எமர்சன் மாதிரி கத்தி செருகி வாசிப்பது எப்படி என்று மாசியில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

எமர்சன் அந்த வித்தையெல்லாம் காட்டியது ஹேமண்ட் எல்-100 என்ற மின் ஆர்கனில். கீகளுக்கு நடுவே கத்தியைச் செருகினால் அமுங்கிய கீ எழும்பாது. சுரம் நின்று ஒலிக்கும், கை சும்மா இருக்கும். நீ கத்தி வைக்காதே, பிளாஸ்டிக் ஓரம் பெயரும். ஐஸ் குச்சி போதும். அப்படியே மோட்டாரை நிறுத்து, உள்ளே சுரம் எழுப்பும் சக்கரம் தளரத் தளர சுருதி ஊளையிட்டு இறங்கும். மோட்டாருக்குத் தனி சுவிட்ச் போடு, இல்லாவிட்டால் ஆம்ப்பும் சேர்ந்து அணையும். ஆர்கனை ஆட்டும்போது இடி இடிப்பது, எதிரொலி தரும் ரிவெர்ப் ஸ்பிரிங். தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் உங்கள் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். வருஷம் ஒருமுறை ஹேமண்ட் எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் கூடாது.

போட்டோ வந்தது. மூன்று பேர்தான் நிற்கிறீர்கள். சட்டையை இஸ்திரி போட்டிருக்கலாம்.

எமர்சனின் தி நைஸ் குழுவும் முதலில் நாலு பேர். 1967இல் பாடகி பி.பி. ஆர்னால்டுக்கு வாசிக்கச் சேர்ந்தவர்கள். முதல் ஆல்பத் தலைப்பில் வரும் ‘எமர்லிஸ்ட் டேவ்ஜாக்’ எமர்சன், ஓ'லிஸ்ட், டேவிசன், ஜாக்சன் நாலு பேரையும் வெட்டி ஒட்டிய பெயர். 1968 முடிவதற்குள் கிட்டார் ஓ'லிஸ்ட் வெளியே. அப்புறம் எல்லா இடத்தையும் ஆர்கன்தான் நிறைத்தது. நன்றாகவே நிறைத்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நியூகாசிலின் ஐந்து பாலங்களை வைத்து எழுதிய இசையை, ஆர்கெஸ்ட்ராவோடு 1969 அக்டோபரில் கிராய்டனில் பதிவு செய்தார்கள். ஜாக்சன் பிறந்த ஊர் நியூகாசில். அந்த ரெக்கார்டு பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை போனது. ஆனால் அது கடைக்கு வருமுன்பே, 1970 மார்ச்சில், எமர்சன் குழுவைக் கலைத்துவிட்டு வேறு இருவரோடு சேரப் போய்விட்டார். அவர்களுடைய முதல் ரெக்கார்டு கம்பெனி இமீடியட்டும் அந்த வருஷமே திவால். உங்கள் குழுவிலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுத்தில் வாங்கு. எண்ணெயை மறக்காதே.

உன் வாசிப்பில் எனக்குப் பெருமைதான். ஆனால் போன தீபாவளிக்கு, "கிட்டார் எதுக்குடா, ஆர்கனே நிறைக்குதே" என்று சொன்னது நான். அடுத்த அறையில் உங்கள் கிட்டார்க்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான். பங்கு, சுவிட்ச் என்று இவ்வளவு எழுதிவிட்டு இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பங்கை எழுத்தில் வாங்கு. அவனுடையதையும்.

அவன் ஆம்ப் இன்னும் நம் மாடி அறையில்தான் இருக்கிறது, துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். நம்பர் கொடு, நானே பேசுகிறேன்.

அம்மா