ஒன்பது வெள்ளிக்குப் பதினான்கு ரூபாய்

ராயபுரம், சென்னை

அன்புள்ள பாப்பா,

நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. "மூணு வாரம் பொறுத்ததுல வெள்ளிக்கு 40 காசு கூடக் கிடைச்சுதுப்பா" என்று போனில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். அதைக் கெடுக்க மனம் வராமல்தான் கடிதமாக எழுதுகிறேன். 1,500 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, 600 ரூபாய் லாபம், சரி. அந்த மூன்று வாரத்தில் மேஸ்திரி வேறு வேலையை ஒப்புக்கொண்டு போய்விட்டார். மழை முந்திக்கொண்டது. கூடத்துச் சுவர் பாதிக்கு மேல் ஊறிப்போயிருக்கிறது.

திட்டுவதற்காக எழுதவில்லை. இது உனக்குத் தாத்தா வழியில் வந்த வியாதி.

ஒழுகலுக்குப் பயந்து பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். உன் ஆயாவின் கணக்கு நோட்டு கிடைத்தது. தாத்தா 1951இல் ரஜுலா கப்பலேறிச் சிங்கப்பூர் துறைமுக வேலைக்குப் போனார் அல்லவா? மாதம் 60 வெள்ளி மணியார்டர். ஆயா ஒவ்வொரு மாதமும் குறித்து வைத்திருக்கிறாள்: 93 ரூபாய் 5 அணா 4 பை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகு 93.33. சில்லறை இங்கே அங்கே ஒன்றிரண்டு மாறும். மற்றபடி பக்கம் பக்கமாக அதே எண்தான்.

இத்தனை வருடம் எப்படி அசையாமல் நின்றது என்கிறாயா? இரண்டு நாணயமும் பவுனில், அதாவது இங்கிலாந்து பவுண்டில், கட்டிப்போட்ட மாடுகள். வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அது 1906 ஏற்பாடு. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அது 1927இல் வந்தது. 28 பென்ஸுக்கு 18 பென்ஸ். ஆக 9 வெள்ளி கொடுத்தால் 14 ரூபாய். 1949இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இரண்டும் கூடவே இறங்கின; தங்களுக்குள் இருந்த கணக்கு மாறவில்லை. (உன் மாமா வாட்ஸப்பில் அனுப்புகிறாரே, 1947இல் ஒரு அமெரிக்க டாலருக்கு ஒரு ரூபாய் என்று, அதை நம்பாதே. இதே பவுண்டு கணக்கைப் போட்டால் அப்போதே டாலருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 30 காசு வரும்.) தெருவில் சிலருக்கு உண்டியல் வழியாக, அதாவது சட்டத்துக்கு வெளியே கைமாற்றாக, பணம் வரும், சைக்கிளில் ஓர் ஆள் கொண்டுவந்து கொடுப்பார், ரேட்டும் கூடுதல். ஆயா அந்தப் பக்கமே போகவில்லை. நேர்மை பாதி, பயம் பாதி.

1966 ஜூன் 6, திங்கட்கிழமை. எனக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். டாலருக்கு 4.76 என்றிருந்த ரூபாயை அரசாங்கம் ஒரே இரவில் 7.50க்கு இறக்கியது. அடுத்த மணியார்டரில் அதே 60 வெள்ளிக்கு 147 ரூபாய். தபால்காரர் தவறாக எண்ணிவிட்டார் என்று ஆயா திருப்பிக் கொடுக்கப் போனாள். அப்புறம் தாத்தாவுக்குச் சம்பளம் உயர்ந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புது நோட்டு, புதுச் சட்டை, அடகில் இருந்த தோடு வீடு திரும்பியது. ஆனால் அரிசிக்கு ஊரே அல்லாடிய காலம் அது. அடுத்த தேர்தலே 'ஒரு படி நிச்சயம்' என்ற பேச்சில்தான் நடந்தது. அந்த 147 எங்கே போனது என்று நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களைப் பார்த்தால் தெரியும்.

அதற்குப் பிறகுதான் தாத்தா உன்னைப் போல யோசித்தார். ஒரு தடவை விழுந்த ரூபாய் இன்னொரு தடவை விழாதா? வீட்டுச் செலவுக்கு 60ஐ மட்டும் அனுப்பிவிட்டு, அக்காவின் கல்யாணத்துக்கென்று சேர்த்த 400 வெள்ளியைத் தகரப்பெட்டியிலேயே வைத்திருந்தார். எல்லாம் பழைய மலாயா நோட்டு. 1967 ஜூனில் சிங்கப்பூர் தன் சொந்த வெள்ளியை வெளியிட்டது; பழையதும் செல்லும், இரண்டும் சமம் என்றார்கள். மாற்றலாம், அவசரமில்லை என்று இருந்துவிட்டார். நவம்பர் 18ஆம் தேதி பவுண்டின் மதிப்பை மறுபடி குறைத்தார்கள். புது வெள்ளி அசையவில்லை. பவுண்டோடு பிணைத்திருந்த பழைய நோட்டு மட்டும் 85 காசு ஆயிற்று. 400 வெள்ளி 340. ரூபாயும் அந்தத் தடவை கீழே போகவில்லை. 980 ரூபாயாக வந்திருக்க வேண்டியது 833ஆக வந்தது. ஆயாவின் நோட்டில் அந்த மாதம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை அழுத்தியதில் தாள் மட்டும் கிழிந்திருக்கிறது.

நான் பாரிமுனைக் கிளையில் அந்நியச் செலாவணி மேசையில் இருந்தபோதும் இதைப் பார்த்தேன். 1991 ஜூலை 1, திங்கட்கிழமை ரூபாயின் மதிப்பில் ஒரு வெட்டு, 3ஆம் தேதி புதன்கிழமை இன்னொன்று. வெள்ளி 12க்குப் பக்கத்திலிருந்து 15ஐ நெருங்கியது. திங்கட்கிழமை உயர்ந்ததைப் பார்த்து ஓடிவந்து மாற்றியவர்கள் புதன்கிழமை என் முகத்தைப் பார்த்து முறைத்தார்கள். எனக்கே தெரியாது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

இன்று வெள்ளி 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. உங்கள் ஊர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டியை விட்டுவிட்டு வெள்ளியின் மதிப்பையே பிடித்து ஓட்டுகிறது. அதனால் பத்து வருடக் கணக்கில் அது இன்னும் ஏறும் என்றுதான் நானும் நினைக்கிறேன். மூன்று வாரக் கணக்கு எனக்கும் வராது, உனக்கும் வராது. சேமிப்பை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடு. வீட்டு வேலைக்கென்று ஒதுக்கியதைக் கையில் வந்த அன்றே அனுப்பிவிடு.

மேஸ்திரி வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், மழை விட்டால். நோட்டு நனையவில்லை. நீ பொங்கலுக்கு வரும்போது காட்டுகிறேன். அம்மா உன்னிடம் கேட்கச் சொன்னாள்: அந்தத் தலைவலித் தைலம் இரண்டு பாட்டில், பெரியது.

அன்புடன்,
அப்பா