கோசர் யாருங்க, ஐயா?

பேராசிரியர் ஐயாவுக்கு, வணக்கமுங்க.

உங்களிடம் எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். இப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. நேரில் வந்து பேசலாம் என்றுதான் இருந்தேன். சங்கப் பாட்டில் வரும் கோசர் என்ற பழங்கூட்டத்தார் ஒரு சாதியின் முன்னோர் என்று நீங்கள் யூடியூப்பில் ஊரறியப் பேசியதற்கு நானும் ஊரறியவே எழுதிவிடலாம் என்று பட்டது.

போன வாரம் பத்தாம் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இதுல வர்ற கொங்கிளங்கோசர் எங்காளுங்கதானுங்களே?" என்றான். யார் சொன்னது என்றால் உங்கள் பெயரைச் சொன்னான், யூடியூப்பில் பார்த்தானாம். பக்கத்தில் இருந்த பையன் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். அவன் வேறு சாதி. மணியடிக்கும் வரை அவன் நிமிரவே இல்லை.

அன்று ராத்திரி நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். குரல் அதே குரல். பாட்டைச் சொல்லும்போது கை உயருமே, அதுவும் அப்படியே. ஆனால் விஷயம்?

சிலப்பதிகாரத் தொடக்கத்தில் வரும் உரைபெறு கட்டுரையில் இருப்பது இவ்வளவுதான்: கொங்கிளங்கோசர், அதாவது கொங்கு நாட்டுக் கோசர், தம் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்தார்கள், மழை பொய்க்கவில்லை. அவர்கள் எந்தச் சாதி என்று இளங்கோ சொல்லவில்லை. "கோசர் யாரென்று அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லம்மா, தேர்வில் அப்படியே எழுது" என்று எங்களுக்குச் சொன்னவர் நீங்கள். அப்படியே எழுதினேன், மார்க்கும் போட்டீர்கள்.

சரி, முன்னோர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அன்னி மிஞிலி என்ற பெண்ணின் கதையும் பங்கில் வருமே? பயற்றங்காட்டில் மாடு மேய்ந்துவிட்டது என்பதற்காக அவள் தகப்பன் கண்ணைப் பிடுங்கியவர்களும் கோசர்தான். பரணர் பாடியிருக்கிறார், அகநானூறு 262. நீங்கள் அதை நடத்தியபோது பின்பெஞ்சில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வீடியோவில் அது வரவே இல்லை. 40 நிமிடத்தில் இடமில்லையா என்ன!

நீங்கள் எந்தக் கட்சிக்குப் பேசினாலும் எனக்கு வருத்தமில்லை. ஓய்வு பெற்றவர் அரசியல் பேசக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அரசியலை அரசியலாகவே பேசுங்கள், பாட்டைப் பாதியில் வெட்டிச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்கிறேன். நல்லாசிரியருக்கு நிறைகோலை, அதாவது தராசை, உவமை சொன்ன நன்னூல் ஆசிரியர் பவணந்தி நம் சீனாபுரத்துக்காரர் என்று பெருமையோடு சொல்வீர்களே. ஆகாத ஆசிரியருக்கு அவர் முடத்தெங்கையும், அதாவது வளைந்த தென்னையையும், சொல்லியிருக்கிறார். தண்ணீர் விட்டது ஒரு தோட்டம், காய் விழுவது அடுத்த தோட்டம். வகுப்பில் இதைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தவரும் நீங்கள்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த வீடியோவில் அந்த 262-ஐ முழுசாக வாசித்துப் பொருள் சொல்லுங்கள். வாசிக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு பையன்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து நான் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் மாணவி