யசுமாசாவின் குழலும் பின்னால் வந்த காலடியும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாலையில் கோயில்வரை நடந்துபோய் வருகிறாள். நீ அனுப்பிய படம், ஜப்பானிய மரப்பலகை அச்சு ஓவியர் யோஷிதோஷியுடையது, பத்திரமாக வந்து சேர்ந்தது. கூடவே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். பின்னணிக் காட்சிகளில் பெரும்பகுதியை இனிமேல் கணினியே வரைந்துவிடும் என்று உங்கள் ஸ்டுடியோவில் பேச்சு அடிபடுகிறது, இத்தனை வருடம் கையால் வரையக் கற்றது வீண்தானா என்று கேட்டிருக்கிறாய். தெரிந்து அனுப்பினாயோ, அழகாக இருக்கிறது என்று மட்டும் அனுப்பினாயோ, உன் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அதனால் படத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அதில் இருக்கும் கதை. உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேள். ஃபுஜிவாரா நோ யசுமாசா நிஜமாக வாழ்ந்த மனிதர். 958இல் பிறந்து 1036இல் இறந்தவர். ஆளுநராகப் பதவி வகித்தவர். இசுமி ஷிகிபு என்ற பெரும் கவிஞரின் கணவர். அவர் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் தொகுக்கப்பட்ட கொஞ்சாகு மொனோகதாரிஷூ என்ற கதைத் திரட்டில் இந்தச் சம்பவம் வருகிறது. குளிர் தொடங்கும் பருவம். ஹகமாதாரே என்ற பேர்போன கொள்ளையனுக்கு உடுத்திக்கொள்ளத் துணி வேண்டும். நள்ளிரவில், மங்கிய நிலவில், அடுக்கடுக்காக உடை அணிந்த ஒருவர் குழல் ஊதிக்கொண்டு தன்னந்தனியாக நடந்து போகிறார். நமக்குத் துணி தரவே வந்திருக்கிறான் என்று மகிழ்ந்து பின்தொடர்கிறான். பாய்ந்து அடிக்கலாம் என்றால் கை வரவில்லை. காரணம் தெரியாத ஒரு பயம். வேண்டுமென்றே சத்தமாகக் காலை வைத்து ஓடி நெருங்கிப் பார்க்கிறான். அவரோ குழலை எடுத்து, திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஊதுகிறார். இப்படியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கடைசியில் வாளை உருவிக்கொண்டு ஓடுகிறான். அவர் நின்று, யார் நீ என்று கேட்கிறார். அவ்வளவுதான். மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறான். கொள்ளையன் என்றும் சொல்லிவிடுகிறான், பெயரையும் சொல்லிவிடுகிறான். என்னோடு வா என்று சொல்லிவிட்டு அவர் திரும்பவும் குழலை வாயில் வைக்கிறார். வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பஞ்சு வைத்துத் தைத்த கெட்டியான அங்கி ஒன்றைக் கொடுக்கிறார். துணி வேண்டுமென்றால் இனி என்னிடம் வந்து கேள், மனம் எப்படிப்பட்டது என்று தெரியாத ஆள்மீது பாய்ந்து அடிபட்டுக்கொள்ளாதே என்று சொல்லி அனுப்புகிறார்.

இத்தனை நீளமான கதையில் யோஷிதோஷி எந்த இடத்தைப் பிடித்திருக்கிறார் பார். மண்டியிட்டதும் இல்லை, அங்கி கொடுத்ததும் இல்லை. எதுவுமே நடப்பதற்கு முன்பான நேரம். ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவன் வாள்பிடியில் கையை வைத்துப் பதுங்குகிறான். இடையில் உயரமான புல், காற்று, மேகம் தழுவிய நிலா. மூன்று தாள்களை ஒட்டி வைத்த அகலத்தில் பெரும்பகுதி வெற்றுவெளி. வாள் விழுமா விழாதா என்பதைப் பார்க்கிறவன் மனத்தில் விட்டுவிட்டார். அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

அதிலும் யார் கையிலிருந்து இது வருகிறது என்று யோசி. பதினொரு வயதில் குனியோஷி என்ற ஓவியரிடம் சீடனாகச் சேர்ந்தவர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், 1866, 67இல், கொலைக் காட்சிகளாகவே ஒரு வரிசை வரைந்தார். இருபத்தெட்டுப் படங்களில் பாதி இவருடையவை, மீதி ஒச்சியாய் யோஷிகு என்ற இன்னொரு ஓவியர் வரைந்தவை. தாளெல்லாம் ரத்தம். 1868இல் இன்றைய டோக்கியோவின் உவெனோவில் நடந்த போருக்குப் பின் பிணங்களை நேரில் பார்த்து வந்தவர். பழைய ஆட்சி விழுந்து புது ஆட்சி வந்தபோது படம் வாங்க ஆளில்லை. கொடிய வறுமை, பிறகு மனநோய். கூட வாழ்ந்த ஒகோதோ என்ற பெண் தன் உடைமைகளை விற்று அவரைக் காப்பாற்றினாள் என்று எழுதியிருக்கிறார்கள். 1873இல் எழுந்து வந்து தாய்சோ என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டார். அதற்குப் பத்து வருடம் கழித்து, நாற்பத்து மூன்று நாற்பத்து நான்கு வயதில் செய்தது இந்தப் படம். ரத்தம் வரையத் தெரிந்த கை, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் அதைவிடப் பெரிய பயத்தை வரைந்திருக்கிறது.

1882இல் அரசு நடத்திய ஓவியக் கண்காட்சிக்கு இதை அவர் ஓவியமாகத்தான் முதலில் தீட்டினார். மறுவருடம் அகியாமா புயெமோன் என்ற பதிப்பாளர் மூன்று தாள் அச்சாக வெளியிட்டார்.

இந்த அச்சு என்பதைப் பற்றித்தான் உன் அப்பாவுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நீ அனுப்பியது ஆப்செட் பிரதி. பூதக்கண்ணாடி வைத்தால் நாலு கலர்ப் புள்ளிகள் தெரிகின்றன. மூலத்தில் புள்ளி கிடையாது. ஓவியர் மெல்லிய தாளில் கோடு வரைந்து கொடுப்பார். அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவார் செதுக்குபவர். அதாவது ஓவியர் கையால் போட்ட கோடு அங்கேயே அழிந்துபோகும். செதுக்கியவரின் கோடுதான் மிஞ்சும். பறக்கிற புல்லையும் தலைமுடியையும் மரத்தில் மயிரிழையாக விட்டு, சுற்றியிருப்பதை எல்லாம் எடுக்க வேண்டும். கத்தி ஒருமுறை வழுக்கினால் பலகை போயிற்று. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. பலகையின் மூலையில் தாளின் முனை உட்காரச் சிறு வெட்டு ஒன்று, விளிம்பு உட்கார இன்னொரு வெட்டு. ரிஜிஸ்டர், அதாவது நிறத்தின்மேல் நிறம் விலகாமல் பொருந்துவது, முழுவதும் அந்த இரண்டில்தான். நான் ஆயுளெல்லாம் ரிஜிஸ்டரோடு மல்லுக்கட்டியவன். இயந்திரத்தில் ஓடும்போதே தாள் ஈரம் குடித்து விரிந்தால் நிறம் விலகி நிற்கும். அவர்கள் ஈரத் தாளில், தண்ணீரில் கரைத்த வண்ணத்தில், கையால் தேய்த்து அச்சிட்டு, நிறத்தின்மேல் நிறத்தைப் பிசகாமல் உட்கார வைத்திருக்கிறார்கள்!

வானம் மேலிருந்து கீழே மெல்ல வெளுத்துப் போகிறதே, அது பலகையில் செதுக்கியது இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் அச்சிடுபவர் பலகையை ஈரப்படுத்தி, வண்ணத்தைத் தூரிகையால் இழுத்து இழுத்துக் கரைக்கிறார். அடுத்த தாளுக்கு மறுபடியும் அதே வேலை. அந்த இரவின் குளிர் அச்சிட்டவர் மணிக்கட்டில் இருந்து வந்தது. பெயரோ யோஷிதோஷிக்கு. சில படங்களில் செதுக்கியவர் பெயர் ஓரத்தில் இருக்கும். அச்சிட்டவர் பெயரைப் பார்ப்பது அரிது. அது எனக்குச் சம்மதமில்லாத வழக்கம், எங்கள் தொழிலிலும் அப்படித்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 1883இல் இந்தத் தொழிலுக்கு ஏற்கெனவே முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. புகைப்படம் வந்துவிட்டது, செய்தித்தாள் வந்துவிட்டது, மேற்கிலிருந்து லித்தோ என்ற கல்லச்சு வந்துவிட்டது. யோஷிதோஷியே 1875இல் ஒரு செய்தித்தாளின் பரபரப்புச் செய்திகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். நான் மறைக்கப் போவதில்லை: ஜப்பானில் பலகை செதுக்கியவர்களின் பிழைப்பைப் பறித்த அதே லித்தோ கல்தான் நம் குடும்பத்துக்குச் சோறு போட்டது. உன் தாத்தா அந்தக் கல்லைத் தேய்த்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். பிறகு ஆப்செட் வந்து அந்தக் கல்லையும் ஒதுக்கியது. நம் கொல்லையில் துணி துவைக்கிற கல் அதில் ஒன்று. தாத்தா காகிதம் வெட்டும் பகுதிக்கு மாறிக்கொண்டார். கடைசிவரை அதைப் பற்றிக் குறைபட்டுப் பேசியதில்லை, ஆனால் தீப்பெட்டி லேபிளில் நல்ல கோட்டைப் பார்த்தால் அதை விரலால் தடவிப் பார்ப்பார்.

ஆகவே கைவேலை என்றும் நிலைக்கும் என்று உனக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. யசுமாசாவைப் பார்த்துக் கொள்ளையன் மனம் மாறினான். யோஷிதோஷியைப் பார்த்து இயந்திரம் மனம் மாறவில்லை. ஆனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த அந்தப் பத்து வருடங்களில்தான் அவர் தன் மிகச் சிறந்த வேலையைச் செய்தார். தொழில் மங்குகிறது, மலிவாக முடித்துத் தள்ளு என்று அவரும் நினைக்கவில்லை, அகியாமாவும் நினைக்கவில்லை. 1885இல் நிலவின் நூறு காட்சிகள் என்ற வரிசையைத் தொடங்கி, 1892இல் நூறையும் முடித்தார்கள். அந்த வருடம் ஜூன் மாதம் யோஷிதோஷி இறந்தார். வயது 53.

அத்தோடு அறுந்தும் போகவில்லை. அவர் சீடர் மிசுனோ தோஷிகதா. தோஷிகதாவின் சீடர் கபுராகி கியோகதா. கியோகதாவின் சீடர் கவாசே ஹசுயி. ஹசுயியின் பனி இரவுகளையும் மழைச் சாலைகளையும் உங்கள் பின்னணி ஓவியர்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். வெளிச்சம் எங்கே விழ வேண்டும், எவ்வளவு இடத்தைச் சும்மா விட வேண்டும் என்ற அறிவு மரப்பலகையில் மட்டும் இருந்திருந்தால் பலகையோடு போயிருக்கும். உன் கையிலும் அது வந்திருக்கிறது என்பது நீ ஊரில் இருந்தபோது வரைந்த கண்மாய்க்கரைப் படத்திலேயே எனக்குத் தெரிந்தது. கணினி போட்டுத் தரும் வானத்தில் எது தவறு என்று சொல்ல, வானத்தைக் கையால் கரைத்தவர் ஒருவர் வேண்டும். அதற்கு அவர்கள் சம்பளம் தருவார்களா என்பதை நீதான் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், பாப்பா. அதைத் தயங்காமல் கேள். தரமாட்டார்கள் என்றால் வேறு இடம் பார்க்கலாம். அதுவரை வாடகைக்குப் பணம் தேவைப்பட்டால் எனக்கு எழுது. அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

டோக்கியோவின் ஹராஜுகுவில் ஓதா நினைவு அருங்காட்சியகம் இருக்கிறதல்லவா? வெளிச்சம் பட்டால் வண்ணம் வெளுத்துவிடும் என்பதால் அங்கே படங்களை அடிக்கடி மாற்றி வைப்பார்கள். யோஷிதோஷியின் முறை வரும்போது விடுமுறை எடுத்தாவது போய்ப் பார். எனக்காகச் சிலவற்றைக் கவனி: நிலா, மை படாமல் விட்ட வெறும் தாளா, அல்லது அதன்மேலும் ஒரு மெல்லிய நிறம் ஓட்டியிருக்கிறார்களா? மூன்று தாளும் சேரும் இடத்தில் வானத்தின் நிறம் ஒரே அளவாக வருகிறதா, இல்லை கொஞ்சமாவது மாறுகிறதா? மேஜிரோ பக்கம் அதாச்சி நிறுவனத்தில் இன்றைக்கும் பலகை செதுக்கி அச்சிடுகிறார்கள். அங்கே பார்க்க முடிந்தால், அச்சிடுபவர் தாளை எந்த மூலையில் முதலில் வைக்கிறார், எந்தக் கையால் வைக்கிறார் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா