கை சிவந்த பிறகும் ஏன் வாங்குகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளை வாங்கியபோது கையும் களவுமாகப் பிடிபட்டார்" என்ற செய்தி உங்கள் நாளிதழில் வராத வாரம் இல்லை. ஒரு வாரம் சர்வேயர், அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் ஒரு பத்திரப்பதிவு எழுத்தர். இத்தனை பேர் பிடிபட்டும் மற்றவர்கள் ஏன் நிறுத்துவதில்லை என்று படிக்கிற எல்லோரும் கேட்கிறோம். எனக்கு இதற்குப் பதில் ஓரளவு தெரியும். அப்படி ஒரு வழக்கில் சாட்சியாக நின்றவன் நான்.

வேளாண்மைத் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2009-ல் ஒருநாள் காலை, லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகச் சொல்லி என்னையும் இன்னொருவரையும் எங்கள் அலுவலகத்தில் அனுப்பினார்கள். வேறு துறை ஊழியர்கள் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் பொறி வைப்பார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா வாங்க எட்டு மாதமாக நடந்த ஒரு விவசாயி அங்கே உட்கார்ந்திருந்தார். சர்வேயர் கேட்டது மூவாயிரம். ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் எண்களை எழுதிக்கொண்டு, பினாப்தலின் பொடியைத் தடவினார்கள். பொடியைத் தொட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் என்ன ஆகும் என்பதையும் செய்து காட்டினார்கள். கரைசல் ரோஸ் நிறமானது.

மதியம் அந்த விவசாயியுடன் நானும் போனேன். பணம் கைமாறியதும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், அதுதான் சைகை. சற்று நேரத்தில் சர்வேயரின் வலது கை விரல்கள் கண்ணாடி டம்ளருக்குள் இருந்தன. கரைசல் சிவப்பதை அவர் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, லேபிளில் என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். இவர் வேலை போயிற்று என்றுதான் அன்று நினைத்தேன்.

போகவில்லை. சில நாளில் ஜாமீன் கிடைத்தது. தற்காலிகப் பணிநீக்கத்தில் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வந்தது, ஆறு மாதம் கழித்து முக்கால் ஆனது. இரண்டு வருடத்துக்குள் பக்கத்து வட்டத்தில் அதே வேலையில் சேர்ந்துவிட்டார். எனக்கு நீதிமன்றச் சம்மன் வந்தது 2015-ல். கூண்டில் ஏறி நின்றபோது அந்தப் பாட்டிலைக் காட்டினார்கள். லேபிளில் என் கையெழுத்து அப்படியே இருந்தது, உள்ளே நிறம் ஏறக்குறைய வெளுத்துப்போயிருந்தது. "இதுவா சிவப்பு?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அதைவிடப் பெரிய அடி, புகார் கொடுத்த விவசாயியே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி, பிறழ் சாட்சி ஆனது. "சார், இன்னும் எத்தனை காரியத்துக்கு நான் அதே ஆபீஸ் படி ஏறணும்" என்றார் வெளியே வந்ததும். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வழக்கு விடுதலையில் முடிந்தது.

தீர்ப்புக்கு முன்பு ஒருநாள், நீதிமன்றத்துக்கு எதிரே டீக்கடையில் அந்தச் சர்வேயர் தானாகவே என்னிடம் வந்து பேசினார். "அண்ணே, முதல் தடவை வாங்கினப்ப கை நடுங்கிச்சு. ரெண்டு வருஷம் போனதும், கொடுக்காம போறவங்களைப் பார்த்தா கோபம் வர ஆரம்பிச்சுது. எனக்குச் சேர வேண்டியதை ஏமாத்திட்டுப் போற மாதிரி" என்றார். "நான் வேண்டாம்னு சொன்னா என்னை அந்த சீட்டுல விட்டு வைப்பாங்களா? வாங்குறதுல பாதி எனக்கு இல்லை" என்றும் சொன்னார். அவர் செய்ததை இது நியாயமாக்கிவிடாது. ஆனால் அன்று அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

சம்பளம் போதவில்லை என்பார்கள். நானும் அதே அரசுச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். 2017-ல் தமிழக அரசு ஊழியர்களுக்கு ஏழாவது ஊதியக்குழுச் சம்பளம் வந்தது. அதன் பிறகு பட்டாவுக்கு ரேட் குறைந்ததா? எங்கள் ஊரில் குறையவில்லை. 'மாமூல்' என்ற சொல்லுக்கே வழக்கமானது என்றுதான் பொருள். வழக்கமாகிவிட்ட பிறகு, வாங்குபவருக்கு அது தப்பாகத் தெரிவதில்லை, கொடுப்பவரும் கட்டணத்தோடு கட்டணமாக எடுத்து வைத்துவிடுகிறார். நிறுத்த நினைக்கும் ஒருவருக்கு மேலிருப்பவரோடு பகை, பக்கத்து மேசைக்காரரோடு பகை, புரோக்கரோடு பகை. தொடர்ந்து வாங்குபவருக்கோ ஆறேழு வருடம் கழித்து வரப்போகும் ஒரு வழக்கு மட்டும்தான். அதுவும் பிடிபட்டால்.

ஊழல் தடுப்புச் சட்டத்தில் குறை என்று சொல்ல மாட்டேன். நான் சாட்சியாக இருந்த காலத்தில் லஞ்சம் வாங்கியதற்குக் குறைந்தபட்ச தண்டனை ஆறு மாதம், 2014-லிருந்து அது மூன்று வருடம். அந்தச் சட்டத்தின் 2018 திருத்தம் நீதிமன்ற விசாரணையை இரண்டு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. புகார்தாரர் பிறழ் சாட்சியானாலும் மற்ற சாட்சியங்களை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் வழக்கு நடந்தபோது இந்தத் தீர்ப்பு இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிடிபட்ட அன்று படத்தோடு செய்தி போடுகிறீர்கள், நல்லது. அதே வழக்கு இரண்டு வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கிறது, விசாரணை தொடங்கியதா, அந்த அலுவலர் இப்போது எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் போடுங்கள். மாதம் ஒருமுறை, கால் பக்கம் ஒதுக்கினால் போதும். அலுவலகத்துக்குப் போனால் ஊழியர்கள் முதலில் புரட்டுவது உங்கள் பேப்பரைத்தான், நானே முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.