மங்கைக்கு, அப்பாவின் பேச்சைப் பற்றி

அன்புள்ள மங்கை,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது, அக்குபங்சர் ஊசி மூளையின் பேச்சுப் பகுதியைத் தட்டி எழுப்பும் என்கிறார்களே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறாய். அம்மா பேச்சிழந்த நாட்களில் நானும் இதே கேள்வியோடு அலைந்தவள்தான்.

அம்மா ஒருநாள் சீப்பைக் கையில் எடுத்து, உற்றுப் பார்த்து, "சாவி" என்றாள். தவறு என்று அவளுக்கே தெரிந்தது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் "சாவி". சீப்பை மெல்லக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு அறிவு குறையவில்லை, மங்கை. சொல்லுக்குப் போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த மனிதர் எதைக் கேட்டாலும் "டான்" என்று மட்டுமே சொல்வார். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு என்பது அப்படித்தான் உறுதிப்பட்டது.

ஊசி குத்தினால் அந்த இடம் ஒளிர்வதாகக் காட்டும் ஸ்கேன் படங்களை உனக்கும் காட்டியிருப்பார்கள். அந்த ஸ்கேன் பேச்சைப் பார்ப்பதில்லை; ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைத்தான் பார்க்கிறது. குத்தும் வலி, தொடுதல், எதிர்பார்ப்பு எல்லாமே அதை மாற்றும். 1998இல் ஓர் ஆய்வு, கண்ணுக்குரியதாகச் சொல்லப்படும் கால்விரல் புள்ளியைத் தூண்டினால் பார்வைப் பகுதி இயங்குகிறது என்றது. உலகமே வியந்தது. 2006இல் அதை எழுதியவர்களில் பலர் அந்த முடிவை இனி ஏற்கவில்லை என்று அறிவித்தார்கள். அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இன்னொன்று. பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில்தான் பேச்சு தானாகவே அதிகம் மீளும். அந்தச் சமயத்தில் ஊசி போட்டு ஒரு சொல் வந்துவிட்டால், பெயர் ஊசிக்கே போய்விடும்.

அப்பா விரும்பினால் தடுக்காதே. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், முதலில் அவருடைய மருத்துவரிடம் கேள். பேச்சுக்கென்று பிடரியில் ஒரு புள்ளியைச் சொல்வார்கள். சீன மொழியில் அதன் பெயருக்கே 'ஊமையின் வாசல்' என்று பொருள். அங்கே ஆழமாகக் குத்துவது ஆபத்து, உள்ளே மூளைத்தண்டு இருக்கிறது.

பேச்சுப் பயிற்சியை மட்டும் ஒருநாளும் விடாதே. அம்மாவுக்கு வழி திறந்தது அதில்தான். தனியாகச் சொல்ல வராத சொற்கள் பாட்டில் தடையின்றி வந்தன. ராகத்தோடு சொல்லவைக்கும் பயிற்சி முறை 1973 முதலே இருக்கிறது. இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே "தண்ணீர் வேண்டும்" என்று அம்மா இழுத்துப் பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா நன்றாகப் பாடுவாரே! இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த பாட்டின் முதல் அடியை நீ தொடங்கு. அடுத்த அடியில் எந்தச் சொல் வந்தது என்று எனக்கு எழுது.

உன்
கோமதி